உயிர் எங்கே இருந்தது? – ‘சென்ஸ்டர்’ சிற்பம்: ஒரு திறனாய்வு

மாலை மங்கும் நேரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் பசு உங்களைக் கவனிக்கவில்லை. லேசாகத் தொண்டையைச் செருமுகிறீர்கள். உடனே அது தலையைத் தூக்குகிறது. ஒலி வந்த பக்கம் திரும்புகிறது. கழுத்தை நீட்டி உங்களை நிதானமாகப் பார்க்கிறது. இப்போது திடீரென்று கையை வீசினால், தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பசுவுக்கு உயிர் இருக்கிறது, பார்க்கிறது. பயம் இருக்கிறது, பின்வாங்குகிறது. அவ்வளவுதான்.

இதே செயலை, தோலும் சதையும் இல்லாமல் வெறும் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஓர் உருவம் செய்தால் என்ன சொல்வீர்கள்?

1970-ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் ஐண்ட்ஹோவன் நகரில் அப்படி ஓர் உருவம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பிலிப்ஸ் நிறுவனம் அங்கே ‘எவொலுவான்’ என்ற பெயரில் ஒரு நிரந்தரக் கண்காட்சி நடத்திவந்தது. பறக்கும் தட்டைப் போன்ற வட்டக் கட்டடம் அது, 1966-இல் திறக்கப்பட்டது. அதனுள் நின்ற அந்த உருவத்தின் பெயர் ‘சென்ஸ்டர்’. சுமார் 4.5 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரம். நின்ற இடத்தை விட்டு அது நகராது. ஆனால் அதன் நீண்ட கழுத்து வளையும், உயரும், தாழும், பக்கவாட்டில் திரும்பும். யாராவது மெல்லப் பேசினால் அருகே வந்து தலையை நீட்டும். கூச்சலிட்டால் விலகிக்கொள்ளும். எண்முறைக் கணிப்பொறியின் ஆணைப்படி, பார்ப்பவரின் செயலுக்கு ஏற்ப இயங்கிய முதல் சிற்பங்களுள் ஒன்று என்று கலை வரலாற்றில் இதற்கு இடம் உண்டு.

இந்தச் சிற்பம் இயங்குவதைக் காட்டும் பழைய அசைபடம் ஒன்றை அண்மையில் என் இளநிலை இயற்பியல் வகுப்பில் போட்டுக் காட்டினேன். அன்றைய பாடம் பின்னூட்டம். அதற்கு நல்ல உதாரணமாக இருக்கும் என்று நினைத்தேன். படம் முடிந்ததும் முன்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, “சார், அதுக்கு உயிர் இருக்கா?” என்று கேட்டார். நானும் யோசிக்காமல், “எல்லாம் வெறும் புரோகிராம்தாம்மா” என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதில் என்னை உறுத்தியது. பதில் தவறு அல்ல, ஆனால் போதாது. வெறும் புரோகிராம் என்றால், அதே புரோகிராம் ஓடும் ஒரு தராசைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே, ஏன்? இந்த இரும்பைப் பார்த்து மட்டும் கேட்கத் தோன்றியது ஏன்? அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓவியம் படித்த எந்திரக்காரர்

சென்ஸ்டரைச் செய்தவர் எட்வர்ட் இஹ்னாத்தோவிச். 1926-இல் போலந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அகதியாக நாட்டை விட்டு வெளியேறி, ருமேனியா, அல்ஜீரியா வழியாக 1943-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1945 முதல் 1949 வரை ஆக்ஸ்போர்டில் உள்ள ரஸ்கின் கலைப்பள்ளியில் ஓவியமும் சிற்பமும் பயின்றார்.

இளம் வயதிலேயே மின்னணுக் கருவிகள் செய்வதிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. ஆனால் ‘இனிக் கலைதான் வாழ்க்கை’ என்று முடிவு செய்தபோது, தாமே செய்து வைத்திருந்த கருவிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார். அலைகாட்டி ஒன்றும் அதில் போயிற்று. பின்னாளில் அதை எண்ணி வருந்தினார். கலை ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதைக் கைவிட வேண்டும் என்று நம்புவது நம் பள்ளிகளில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல என்பதற்கு இது சாட்சி.

படிப்பு முடிந்தபின் மரச்சாமான் வடிவமைக்கும் தொழிலில் சில ஆண்டுகள் கழித்தார். 1962-இல் அதை உதறிவிட்டு ஒரு கார்க் கொட்டகையில் குடியேறி, பழைய கார்களின் உதிரிப் பாகங்களைக் கொண்டு சிற்பம் செய்யத் தொடங்கினார். அந்த உதிரிப் பாகங்களே அவரை மீண்டும் எந்திரவியலுக்கு இழுத்து வந்தன. அழுத்தப்பட்ட எண்ணெயால் கனமான பொருளை அசைக்கும் ஹைட்ராலிக் முறை அவரைக் கவர்ந்தது. டிப்பர் லாரியின் பின்பெட்டியைத் தூக்குகிறதே, அதே முறைதான். ஆனால் லாரிப் பெட்டி ஏறும், இறங்கும், அவ்வளவே. இஹ்னாத்தோவிச்சுக்கு வேண்டியிருந்தது, நினைத்த இடத்தில், நினைத்த வேகத்தில், மிருதுவாக நிற்கும் அசைவு. மின்சாரச் சைகைக்கு ஏற்ப எண்ணெயின் ஓட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வு அதைச் சாத்தியமாக்கியது.

முதலில் வந்த ‘சாம்’

1968-இல் லண்டனில் நடந்த ‘சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி’ என்ற கண்காட்சி, கணிப்பொறியையும் கலையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. அமைத்தவர் யாசியா ரைக்கார்ட். அங்கே இஹ்னாத்தோவிச் வைத்த சிற்பம் ‘சாம்’. முதுகெலும்புக் கண்ணிகளைப் போன்ற அலுமினிய வார்ப்புகளை அடுக்கிய ஒரு கழுத்து. அதன் உச்சியில் மலர் போன்ற ஒரு தலை. தலையில் நான்கு சிறு ஒலிவாங்கிகள். ஒலி எந்தத் திசையில் எழுகிறதோ அந்தத் திசைக்கு மலர் திரும்பும்.

இதன் தத்துவம் எளியது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணை மூடி உட்காருங்கள். நண்பரை அறையில் எங்காவது நின்று விரலைச் சொடுக்கச் சொல்லுங்கள். ஒலி வந்த திசையைக் கையால் காட்டுங்கள். பெரும்பாலும் சரியாகக் காட்டுவீர்கள். பிறகு ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு மறுபடி செய்யுங்கள். தடுமாறுவீர்கள். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள வேறுபாடு, திசையை அறிய நமக்கு உதவும் குறிப்புகளுள் முக்கியமானது. இரண்டு ஒலிவாங்கிகள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒன்றை அடைந்து மற்றதை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். 0.3-ஐ 340-ஆல் வகுத்தால் 0.0009 நொடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மின்சுற்றுக்கு இது தாராளமான நேரம். வேறுபாடு இருக்கும் வரை தலையைத் திருப்பு; வேறுபாடு சுழியானதும் நிறுத்து. அப்போது தலை ஒலியை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். இதுவே பின்னூட்டம்.

சாமில் கணிப்பொறி இல்லை. சாதாரண மின்னணுச் சுற்றுகளே அதன் மூளை. மெல்லிய, தொடர்ந்த ஒலிக்கு அது இணங்கியது. உரத்த கூச்சலைப் பொருட்படுத்தவில்லை. அதன் கவனத்தைப் பெறுவதற்காகப் பார்வையாளர்கள் குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் நெடுநேரம் முயன்றார்கள். சிற்பத்தைப் பார்க்க வந்தவர்கள், சிற்பம் தங்களைப் பார்க்கவேண்டும் என்று ஏங்கினார்கள்! இந்த இடத்தில்தான் இஹ்னாத்தோவிச் தம் கலையின் கருவைக் கண்டுகொண்டார் என்பது என் கருத்து.

நண்டுக் கால் கற்றுத் தந்த பாடம்

எவொலுவான் கண்காட்சியை வடிவமைத்த ஜேம்ஸ் கார்ட்னர் வழியாகப் பிலிப்ஸ் நிறுவனத்தின் அழைப்பு வந்தது. சாமைவிடப் பெரிய, பல வகையில் அசையக்கூடிய ஓர் உருவம். அதன் மூட்டுகளை எப்படி அமைப்பது?

நமது தோள்மூட்டு எல்லாப் பக்கமும் சுழலும் பந்துக் கிண்ண மூட்டு. எந்திரத்தில் அதைச் செய்து இயக்குவது கடினம். இஹ்னாத்தோவிச் கொடுக்குள்ள கடல் இறாலைக் கூர்ந்து பார்த்தார். நண்டு சாப்பிட்டவர்களுக்கு விஷயம் எளிதில் புரியும். நண்டுக் காலின் ஒவ்வொரு மூட்டும் கதவுக் கீல் போல ஒரே வாக்கில்தான் மடங்கும். ஆனால் அடுத்தடுத்த கீல்கள் வெவ்வேறு வாக்கில் அமைந்திருப்பதால், மொத்தத்தில் அந்தக் காலும் கொடுக்கும் வேண்டிய பக்கமெல்லாம் போகும். இறாலின் கொடுக்கும் இப்படித்தான். இந்தச் சிக்கனமான அமைப்பை எடுத்து, ஆறு தனித்தனி ஹைட்ராலிக் சர்வோ இயக்கங்கள் கொண்ட கழுத்தாக்கினார். உயிரியலிலிருந்து உருவத்தை நகலெடுக்கவில்லை, செயலின் வழியை மட்டும் எடுத்துக்கொண்டார். சென்ஸ்டரைப் பார்த்தால் இறால் நினைவுக்கு வராது. ஒட்டகச்சிவிங்கி என்பார் சிலர், டைனோசர் என்பார் சிலர்.

தலைப் பகுதியில் ஒலிவாங்கிகளுடன் இரண்டு டாப்ளர் ராடார்களும் இருந்தன. நெருங்கிவரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ரேடியோ அலைக்கும் இது பொருந்தும். உதாரணமாக 1,000 கோடி ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள அலையை, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்கும் ஒருவர்மீது செலுத்தினால், திரும்பிவரும் அலையின் அதிர்வெண் சுமார் 67 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். இந்தச் சிறு வேறுபாட்டை அளந்தால் எதிரில் ஏதோ அசைகிறது என்பதும், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதும் தெரிந்துவிடும். ஆள் யார், முகம் எப்படி என்பது எதுவும் சென்ஸ்டருக்குத் தெரியாது. ஒலி, அசைவு இந்த இரண்டும்தான் அதன் உலகம்.

சிற்பம் இரும்பில் இல்லை

இனித் திறனாய்வுக்கு வருவோம். சிற்பம் என்றால் நாம் உருவத்தைப் பார்ப்போம். கல்லின் வளைவு, உலோகத்தின் மெருகு என்று பேசுவோம். அந்த அளவுகோலால் அளந்தால் சென்ஸ்டர் தேறாது. பற்றவைத்த குழாய்களும், வெளியே தொங்கும் எண்ணெய்க் குழல்களும், மின்கம்பிகளும்தான் அதன் அழகு. அசையாமல் நிற்கும்போது அது கட்டடம் கட்டும் இடத்தில் விட்டுப்போன சாரம் போல இருக்கும்.

ஆனால் அசையத் தொடங்கினால் எல்லாம் மாறிவிடுகிறது. காரணம், அதன் அசைவு விதி. அன்றைய பல எந்திரங்கள் சட்டென்று கிளம்பிச் சட்டென்று நின்றன. சென்ஸ்டரின் தலையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது முதல் பாதியில் படிப்படியாக வேகம் கூடும்; மறு பாதியில் படிப்படியாகக் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலை 2 மீட்டர் தூரத்தை 2 நொடியில் கடக்கவேண்டும். முதல் மீட்டரை முதல் நொடியில் சீரான முடுக்கத்துடன் கடந்தால் முடுக்கம் 2 மீட்டர்/நொடி². நடுவழியில் உச்ச வேகம் நொடிக்கு 2 மீட்டர். பிறகு அதே அளவு எதிர்முடுக்கம். இறுதியில் வேகம் சுழி. வேக–நேர வரைபடம் வரைந்தால் ஒரு கூடாரம் போல வரும். நீங்கள் மேசைமேல் உள்ள தம்ளரை எடுக்கக் கையை நீட்டும்போது உங்கள் கையின் வரைபடமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், உச்சி மட்டும் மழுங்கியிருக்கும்.

எடை உள்ள எந்தப் பொருளையும் அலுங்காமல் நகர்த்த இதுவே ஏற்ற வழி. உயிர்கள் காலங்காலமாக இதைச் செய்து வந்திருக்கின்றன. ஆகவே அந்த வரைபடத்தை எங்கே கண்டாலும் நம் கண் ‘உயிர்’ என்று சொல்லிவிடுகிறது. இஹ்னாத்தோவிச் செதுக்கியது இரும்பை அல்ல, இந்த வரைபடத்தை. இரும்பு அதை எழுதிக் காட்டும் பேனா மட்டுமே. என்னைப் போன்ற இயற்பியல் ஆசிரியர் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து அழிக்கும் அந்தக் கோட்டில் இவ்வளவு அழகு ஒளிந்திருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் ஒரு சிற்பி!

இன்னொரு நேர்மையையும் பாராட்ட வேண்டும். கண் வரைந்து, தோல் போர்த்து, வாய் வைத்து ஏமாற்றும் வேலையை அவர் செய்யவில்லை. ‘நான் எந்திரம்’ என்று அந்த உருவம் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியும் பார்ப்பவர் நெஞ்சம் இளகுகிறது என்றால், இளக வைத்தது அசைவு ஒன்றே என்று ஐயமற நிரூபணமாகிறது. ஒரு நல்ல பரிசோதனையில் வேண்டாத காரணிகளை எல்லாம் விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் சோதிப்போம். சென்ஸ்டர் அப்படிப்பட்ட பரிசோதனை.

கணிப்பொறிக்குள் எவ்வளவு இருந்தது?

சென்ஸ்டரை இயக்கியது பிலிப்ஸ் பி 9201 என்ற கணிப்பொறி. அதன் நினைவகம் 16 பிட் கொண்ட சொற்கள் சுமார் 8,000 மட்டுமே. இன்றைய கணக்கில் 16 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையைக்கூட முழுதாக அதில் சேர்த்துவைக்க இடம் போதாது. மிதமான ஒலியும் மெதுவான அசைவும் இருந்தால் அந்தப் பக்கம் போ. பேரொலியோ திடீர் அசைவோ இருந்தால் விலகு. சாரம் இவ்வளவே.

ஆனால் எவொலுவானுக்கு வந்தவர்கள் கண்டது இதைவிட மிகப் பெரியது. வெட்கப்படுகிறது என்றார்கள், ஆவலோடு வருகிறது என்றார்கள். இந்தச் சிக்கலான குணம் எங்கிருந்து வந்தது? புரோகிராமில் அது எழுதப்படவில்லை.

பொருளியல் அறிஞரும் கணிப்பொறி அறிஞருமான ஹெர்பர்ட் சைமன் 1969-இல் ஓர் எறும்பு உவமை சொன்னார். கடற்கரை மணலில் ஊரும் எறும்பின் பாதை வளைந்து நெளிந்து சிக்கலாக இருக்கிறது. ஆனால் சிக்கல் எறும்புக்குள் இல்லை, மணல்மேட்டில் இருக்கிறது. சென்ஸ்டருக்கும் இது பொருந்தும். அந்தக் கூடத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினார்கள். ஒலி சுவர்களில் மோதி எதிரொலித்தது. ஒரு குழந்தை கைதட்டியது. மற்றொன்று பயந்து தாயின் பின் ஒளிந்தது. எளிய விதி, இத்தனை சிக்கலான சூழலுக்கு விடை சொன்னபோது, விடையும் சிக்கலாகத் தெரிந்தது. தம் புரோகிராம் இவ்வளவு எளிதாக இருந்தும் மக்கள் அதில் இவ்வளவு காண்கிறார்களே என்று இஹ்னாத்தோவிச்சே வியந்திருக்கிறார்.

அவருக்கே நேர்ந்த ஓர் அனுபவம் உண்டு. சென்ஸ்டரைச் சோதித்துக்கொண்டிருந்த தொடக்க நாட்களில், ஒலிவாங்கிகளைப் பரிசோதிக்கத் தயாராகத் தொண்டையைச் செருமினார். அந்த நேரத்தில் எந்திரம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உறக்கத்திலிருந்து எழுந்ததுபோல் தலை நிமிர்ந்து, தயங்கித் தயங்கி அவர் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு மூட்டையும் தம் கையால் பூட்டியவருக்கே ஒரு கணம் அது உயிருள்ள பிராணியாகத் தோன்றியது. கட்டுரையின் தொடக்கத்தில் நான் சொன்ன பசு நினைவுக்கு வருகிறதா?

ஆக, சிக்கலில் ஒரு பங்கு கூடத்தில் இருந்தது. மற்றொரு பங்கு பார்ப்பவர் மனத்தில் இருந்தது. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலார் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே ‘பெரியது சண்டைக்காரன், சிறியது பயந்து ஓடுகிறது’ என்ற பாணியில் கதை சொன்னார்கள். அசைவைக் கண்டால் எண்ணத்தை ஊகிப்பது நம் இயல்பு. புதருக்குள் அசைவது காற்றா, பாம்பா என்று நொடியில் முடிவு செய்யவேண்டிய முன்னோர்களின் வழி வந்தவர்கள் அல்லவா நாம்!

குறை சொல்லாமல் இருக்கலாமா?

புகழ்வது மட்டும் திறனாய்வு ஆகாது. சென்ஸ்டரிடம் எனக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன.

ஒன்று, அது கற்கவில்லை. முதல் நாள் வந்தவரிடம் எப்படி நடந்ததோ, நூறாம் முறை வந்தவரிடமும் அப்படியே நடந்தது. நம் தெரு நாய்கூட ஒருமுறை சோறு போட்டவரை நினைவில் வைத்துக்கொள்ளும். நினைவு இல்லாத இடத்தில் உறவு இல்லை. பார்வையாளர் கொண்ட பாசம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது.

மற்றொன்று அதனினும் பெரியது. எவொலுவான் விஞ்ஞானத்தை விளக்க எழுந்த கண்காட்சி. ஆனால் சென்ஸ்டரின் பெருமையே பார்ப்பவரை மயக்குவதில் இருந்தது. ‘எப்படி இது நடக்கிறது?’ என்ற கேள்வியோடு ஒருவர் வெளியே போனால் அது விஞ்ஞானத்துக்கு வெற்றி. ‘அந்த எந்திரத்துக்கு என்னைப் பிடித்திருந்தது’ என்ற நம்பிக்கையோடு போனால்? வியப்பு அறிவின் வாசற்படி என்பார்கள். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இதை இஹ்னாத்தோவிச் உணர்ந்திருக்கவேண்டும் என்றே நினைக்கிறேன். ஏனெனில் அவருடைய அடுத்த படைப்பு நேர் எதிர்த் திசையில் போயிற்று. 1971 முதல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் எந்திரவியல் துறையில் ஆய்வுப் பணியில் இருந்த அவர், 1973-இல் எடின்பரோ கண்காட்சியில் ‘பேண்டிட்’ என்ற ஒன்றை வைத்தார். அது சூதாட்ட எந்திரத்தில் இருப்பதைப் போன்ற ஒரு கைப்பிடி மட்டுமே. பார்வையாளர் அதைப் பிடித்து இழுப்பார். கைப்பிடியும் எதிர்த்து அசையும். அவருடைய கை எப்படி இழுத்தது என்பதைக் கணிப்பொறி கணக்கிட்டு, அவர் ஆணா பெண்ணா, எத்தகைய சுபாவம் உடையவர் என்று ஊகித்துச் சொல்லும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்ஸ்டரின் முன்னே, அசைவைக் கண்டு மனிதர்கள் எந்திரத்துக்குக் குணம் கற்பித்தார்கள். பேண்டிட்டின் முன்னே, அசைவைக் கண்டு எந்திரம் மனிதருக்குக் குணம் கற்பித்தது. முதலாவது நமக்கு இனிக்கிறது, இரண்டாவது உறுத்துகிறது. ஆனால் இரண்டிலும் நடந்தது ஒன்றே: சில புற அளவுகளை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைப் பற்றி முடிவு செய்வது. நாம் கைப்பேசியில் எதைத் தொடுகிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை வைத்து நம்மை எடைபோடும் இன்றைய கணிப்பொறிகளுக்கு அந்தக் கைப்பிடி முன்னோடி என்று சொன்னால் மிகையாகாது. இந்த இரண்டையும் ஒரே மனிதர் மூன்றாண்டு இடைவெளியில் நம் முன் வைத்தார் என்பதே அவரை வெறும் பொம்மை செய்பவரிலிருந்து பிரித்து உயர்த்துகிறது.

எலும்புக்கூடு திரும்பி வந்தது

1974-இல் சென்ஸ்டரை எவொலுவானிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். அதன் இரும்பு உடல் நெதர்லாந்தின் கோலைன்ஸ்பிளாட் என்ற கடலோரச் சிற்றூரில், ஒரு நிறுவனத்தின் வெளிப்புறத்தில் பல பத்தாண்டுகள் மழையிலும் காற்றிலும் நின்றது. எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. இஹ்னாத்தோவிச் 1988-இல் காலமானார். தம் படைப்பு மறுபடி அசைவதை அவர் பார்க்கவில்லை.

2017-இல் போலந்தின் கிராகோவ் நகரில் உள்ள ஏ.ஜி.ஹெச். பல்கலைக்கழகம் அந்த எலும்புக்கூட்டை வாங்கியது. அகதியாக வெளியேறியவரின் படைப்பு அவர் பிறந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 2018-இல் அது மீண்டும் அசைந்தது. இரும்பு பழையது. பழைய கணிப்பொறி இல்லை. இக்கால மின்னணுக் கருவிகள் அதன் வேலையைச் செய்கின்றன. அப்படியானால் இது அதே சிற்பம்தானா? வெண்கலச் சிலையின் கையை மாற்றினால் மூலம் போயிற்று என்போம். இங்கே மூளையையே மாற்றியிருக்கிறார்கள். ஆயினும் அசைவு விதி அதுவாகவே இருந்தால் சிற்பமும் அதுவே என்பேன். சிற்பம் அந்த வரைபடத்தில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா?

மாணவிக்குச் சொன்ன பதில்

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவியிடம், “உன் கேள்வியை அன்று தட்டிக்கழித்துவிட்டேன். இப்போது பதில் சொல்கிறேன்” என்று தொடங்கினேன். உயிர் அந்த இரும்பில் இல்லை. உயிர்போல் தோன்றியதில் ஒரு பங்கு அதன் அசைவு விதியில் இருந்தது. ஒரு பங்கு கூடத்தில் இருந்தது. பெரும் பங்கு உன்னிடம் இருந்தது. ஏமாந்துபோனாய் என்று இதற்குப் பொருள் அல்ல. உன் கண் ஒரு நுட்பமான வரைபடத்தைச் சரியாகப் படித்தது. முடிவில் மட்டும் ஒரு படி தாண்டிவிட்டது.

அவர் விடவில்லை. “அப்போ பசுவும் அசைவை வைச்சுத்தானே சார் உயிருன்னு சொல்றோம்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நான் சொன்னது இது: பசுவுக்குப் பசிக்கும், வலிக்கும், கன்றைப் பிரித்தால் கதறும். அதற்கு இழக்க ஏதோ இருக்கிறது. மாலையில் எவொலுவானை மூடி மின்சாரத்தை நிறுத்தியபோது சென்ஸ்டர் எதையும் இழக்கவில்லை. வேறுபாட்டை அசைவில் தேடாதே, அங்கே தேடு. இதுவே முழு விடை என்று நான் உரிமை கொண்டாடமாட்டேன். ஆனால் ‘வெறும் புரோகிராம்’ என்பதைவிட இது மேல்.

வாசகர்களே, இன்று உங்கள் கைப்பேசியில் கணிப்பொறி உங்களோடு கனிவாகப் பேசுகிறது, ஆறுதல் சொல்கிறது. 16 கிலோபைட் நினைவகத்தில் இருந்தவற்றைவிட அதன் விதிகள் எத்தனையோ மடங்கு பெரியவை. சென்ஸ்டரை அப்படியே அதற்கு அளவுகோலாக்க முடியாது. என்றாலும் சென்ஸ்டர் முன் நின்று கேட்கவேண்டியிருந்த கேள்வியை இதன் முன்னும் கேட்கலாம்: நான் காணும் இந்த அன்பில் எந்திரத்தின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு? பிரித்துப் பார்த்த பிறகும் வியக்கலாம், தடையில்லை. நானும் அந்த அசைபடத்தை இன்னும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன். வரைபடம் தெரியும், ஹைட்ராலிக் தெரியும், டாப்ளர் கணக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தலை தயங்கித் திரும்பும்போது, நாற்காலியில் சற்று முன்னே சாய்ந்துவிடுகிறேன்.